கறுப்புத் திரை – 6: ஓர் இடைவெளி

மார்ச் 2010. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் தன் மேசைக் கணினியை ரீஸ்டார்ட் செய்கிறார். ஃபெடோரா 12 என்கிற லினக்ஸ் போட்ட கணினி. உள்ளே என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு. புதிதாக வந்து சேர்ந்த நிரல்களை எல்லாம் இணைத்து அவரே கட்டிய கெர்னல் ஏறுகிறது. அடுத்து டெஸ்க்டாப் வந்தாக வேண்டும்.

வரவில்லை.

லாக் ஃபைலில் விஷயம் இருந்தது. நூவோ டிரைவரின் இடைமுகப் பதிப்பு 0.0.16 என்று ஒரு வரி. பதிப்பு தவறு, எதிர்பார்த்தது 0.0.15 என்று இன்னொரு வரி. தகராறு அவ்வளவுதான். கடைசி எண்ணில் ஒன்று கூடியிருக்கிறது. கெர்னலுக்குள் இருக்கும் பாதி டிரைவர் புதுசு, வெளியே நூலகமாக இருக்கும் மறுபாதி பழசு. இரண்டும் ஒன்றோடொன்று பேச மறுத்துவிட்டன.

இப்படி இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டவர்கள் அந்தக் காலத்தில் உலகமெங்கும் இருந்தார்கள். அவர்கள் திட்டினால் யார் காதிலும் விழாது. இவர் திட்டினால் விழும். இவர் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991-இல் லினக்ஸ் கெர்னலை எழுதத் தொடங்கியவர். அதில் எந்த வரி சேரலாம், எது கூடாது என்று கடைசி வார்த்தை சொல்கிறவர். தன் திரையைக் கறுப்பாக்கிய மாற்றத்தை உள்ளே சேர்த்துக்கொண்டவரும் அவரேதான்.

முந்தைய அத்தியாயங்களைத் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம். கிராஃபிக்ஸ் கார்டு தனக்கென்று ஒரு பாஷை பேசும். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கருவான கெர்னலுக்கு அந்தப் பாஷை தெரியாது. நடுவே நின்று இரண்டு பக்கமும் பேசிக் காரியத்தை முடிக்கும் துபாஷிதான் டிரைவர். என்விடியா 2000-ஆம் ஆண்டிலிருந்து லினக்ஸுக்கும் தன் சொந்த டிரைவரைக் கொடுத்துவந்தது. வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. சில்லுக்கு எந்த எண்ணை அனுப்பினால் என்ன நடக்கும் என்கிற ஆவணங்களையும் நிறுவனம் வெளியிடவில்லை.

பிரான்ஸைச் சேர்ந்த ஸ்டெஃபான் மார்ஷசான் தொடங்கிவைத்த நூவோ திட்டம் அந்த ஆவணத்தைத் தானே எழுத முனைந்தது. வேலை செய்த விதம் விசித்திரமானது. கார்டை ஒரு சின்னப் படம் வரையச் சொல்வார்கள். வரைவதற்கு முன்னும் பின்னும் அதன் உள் எண்களைப் பதிவு செய்வார்கள். எது மாறியிருக்கிறது என்று ஒப்பிடுவார்கள். முகம் தெரியாத எத்தனையோ பயனர்கள் தங்கள் கார்டின் பதிவுகளை அனுப்பிவைத்தார்கள். இப்படி ஒட்டுக்கேட்டே ஒரு டிரைவர் உருவானது. ஃபெடோரா அதைத் தன் பயனர்கள் எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தது. 2009 டிசம்பரில் லினஸ் சத்தம் போட்டார்: ஊருக்கெல்லாம் கொடுக்கிறீர்கள், கெர்னலில் ஏன் இன்னும் சேர்க்கவில்லை? சேர்த்தார்கள். 2.6.33 கெர்னலில் நூவோவுக்கு இடம் கிடைத்தது. ஆனால் ‘ஸ்டேஜிங்’ என்கிற பகுதியில்தான் கிடைத்தது. பக்குவப்படாத டிரைவர்களுக்கான இடம் அது. அங்கே எதுவும் எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்பது நிபந்தனை.

மாறியது. அடுத்த கெர்னலுக்கான வேலை தொடங்கியதுமே.

லினஸின் வாதத்தை நியாயமாகவே எடுத்துவைக்க வேண்டும். கெர்னலில் புதுப் பிழை முளைத்தால், பழைய கெர்னலையும் புதிய கெர்னலையும் மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்துத்தான் எந்த மாற்றம் குற்றவாளி என்று பிடிப்பார்கள். கிராஃபிக்ஸ் நூலகம் ஏதாவது ஒரு கெர்னலோடுதான் ஒத்துப்போகும் என்றால் அந்தத் தேடலே நடக்காது. கெர்னலை மாற்றுகிறவன் கூடவே வேறு நூலகங்களையும் மாற்றியாக வேண்டும் என்பது அவர் ஆண்டாண்டு காலமாக எதிர்த்துவந்த விஷயம். கெர்னல் மாற்றம் எதுவும் வெளியே ஓடும் மென்பொருளை உடைக்கக் கூடாது என்பது அவர் விட்டுக்கொடுக்காத சட்டம்.

எதிர்த்தரப்பில் இருந்த டிரைவர்காரர்கள் என்ன சொன்னார்கள்? இது ஸ்டேஜிங். உடையும் என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். அவசரப்பட்டு உள்ளே கொண்டுவரச் சொன்னது யார்? நீங்கள்தானே!

லினஸ் அசரவில்லை. ஃபெடோராவில் என்விடியா கார்டு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கேட்காமலே பெற்றுக்கொண்ட டிரைவர் இது. அதை இன்னும் ‘சோதனை’ என்று சொல்வது பம்மாத்து என்பது அவர் கட்சி. அந்தப் பயனர் ஸ்டேஜிங் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பாரா? அப்டேட் பொத்தானை அழுத்தினார், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இந்தச் சண்டையில் லினஸ் பக்கம்தான் நிற்பேன். ஆனால் சண்டை போட்டும் மாற்றம் திரும்பப் பெறப்படவில்லை. 0.0.16 அப்படியே நிலைத்தது.

லினக்ஸைப் படைத்தவருக்கே இதுதான் கதி. மற்றவர்கள் நிலைமை?

அதே மார்ச் மாதம் முடிவதற்குள் அடுத்த இடி விழுந்தது. இந்த முறை என்விடியாவிடமிருந்து.

‘என்வி’ என்று ஒரு சின்ன டிரைவர் இருந்தது. நிறுவனமே எழுதி, லினக்ஸில் டெஸ்க்டாப்பைத் திரையில் காட்டும் எக்ஸ் விண்டோ அமைப்புக்குக் கொடுத்தது. திறந்த நிரல்தான். ஆனால் திறந்தும் பலனில்லாத விதத்தில் எழுதப்பட்டது. பெயரில்லாத எண்கள் வரிசையாக நிற்கும். எந்த எண் எதற்கு என்று படிக்கிறவருக்குப் பிடிபடாது. முப்பரிமாணம் கிடையாது, விளையாட்டு கிடையாது. ஆனால் புதிதாக லினக்ஸ் நிறுவியதும் திரையில் சரியான அளவில் ஒரு டெஸ்க்டாப்பைக் காட்டும். பலருக்கு அது போதும்.

அந்த டிரைவரை இனி வளர்க்கப் போவதில்லை என்று அறிவித்தது என்விடியா. அப்போதுதான் சந்தைக்கு வந்துகொண்டிருந்த ஃபெர்மி வகைச் சில்லுகளுக்கு என்வி வராது. அப்படியானால் புதுப் பயனர் என்ன செய்வது? வெசா டிரைவரைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றது நிறுவனம். எங்கள் சொந்த டிரைவரை இறக்கி நிறுவும் வரைக்கும் அது போதுமே!

வெசா என்பது எந்தக் கார்டிலும் ஓடக்கூடிய, எல்லோருக்கும் பொதுவான, அரதப் பழசான ஏற்பாடு. வேகப்படுத்தும் வசதி எதுவும் இல்லை. அகலத் திரையில் பல நேரம் சரியான அளவே அமையாது. ஜன்னலைப் பிடித்து இழுத்தால் துண்டு துண்டாக நகரும். அறிவிப்பில் நூவோ என்ற பெயரே இல்லை. தங்கள் சில்லுக்காக வெளியாட்கள் நான்கைந்து வருடம் உழைத்து ஒரு டிரைவரைக் கட்டியிருக்கிறார்கள், அது கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது என்பது என்விடியாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

இதில் ஒரு கிளைக்கதை. விண்டோஸ்காரர்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அதே மார்ச்சில் விண்டோஸுக்கு வந்த 196.75 டிரைவர் சில கார்டுகளின் மின்விசிறியைச் சரியாகச் சுழலவிடாமல் செய்தது. கார்டு சூடேறிப் பழுதாகிறது என்று புகார்கள் குவிந்ததும் என்விடியா அதை அவசரமாகத் திரும்பப் பெற்றது. ஆக, டிரைவர் அப்டேட் என்றாலே வயிற்றைக் கலக்குவது எல்லா ஊரிலும் உண்டு. வித்தியாசம் ஒன்றுதான். விண்டோஸில் முந்தைய டிரைவருக்குத் திரும்ப ஒரு பொத்தான் இருந்தது. லினக்ஸில்?

ஏப்ரல் 2010-க்கு வருவோம். இன்னொரு லினக்ஸான உபுண்டு 10.04 வெளியாகிறது. பழைய என்விக்குப் பதில் நூவோவைத் தாங்கி வந்த பதிப்பு. விளையாட்டோ வீடியோவோ வேகமாக ஓட வேண்டும் என்று நினைக்கும் ஒரு பயனர், என்விடியா தளத்திலிருந்து நிறுவனத்தின் டிரைவரை நேரடியாக இறக்குகிறார். இனி நடப்பதைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

ஃபைலை இரண்டு முறை க்ளிக் செய்தால் ஒன்றும் நடக்காது. திரை ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவரை மாற்ற முடியாது என்பதால் முதலில் திரையை நிறுத்த வேண்டும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெஸ்க்டாப் மறைந்து கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும். பெயர், கடவுச்சொல். டெஸ்க்டாப்பைக் கொல்லும் கட்டளை. பிறகு நிறுவும் கட்டளை. நீலத் திரை ஒன்று வருகிறது. உரிம ஒப்பந்தத்துக்குச் சரி சொல்கிறார். அடுத்த நொடி: நூவோ டிரைவர் இப்போது பயன்பாட்டில் இருக்கிறது, அதை முடக்கிவிட்டு வாருங்கள்.

நூவோ கெர்னலுக்குள் குடியேறியதால் வந்த வினை இது. கணினி விழிக்கும்போதே அது கார்டைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே ஒரு ஃபைலில் நூவோவைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கும் வரியை எழுத வேண்டும். கணினி விழிக்கும்போது முதலில் படிக்கும் தொகுப்பை மறுபடி கட்ட வேண்டும். ரீஸ்டார்ட். மறுபடி கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1. மறுபடி நீலத் திரை. இந்த முறை உள்ளே விடுகிறது. உங்கள் கெர்னலுக்கு ஏற்ற தொகுதியைக் கட்டுகிறேன் என்கிறது. சதவீதம் ஏறுகிறது. ரீஸ்டார்ட். திரையில் பச்சை நிற என்விடியா முத்திரை மின்னி மறைகிறது. டெஸ்க்டாப் வந்துவிட்டது, வழவழவென்று ஓடுகிறது. பயனர் டீ குடிக்கப் போகலாம்.

சில வாரம் கழித்து ஒரு நாள், உபுண்டு பாதுகாப்பு அப்டேட் ஒன்றை அனுப்புகிறது. புதிய கெர்னல். பயனர் நல்ல பிள்ளையாகச் சம்மதிக்கிறார். ரீஸ்டார்ட். இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்சிமிட்டுகிறது.

என்ன ஆனது? அவர் நிறுவிய டிரைவரின் கெர்னல் பகுதி இரண்டு அடுக்கு கொண்டது. நடுவே இருப்பது என்விடியா தானே கட்டி அனுப்பிய கட்டி, யாரும் தொட முடியாது. அதைச் சுற்றி மெல்லிய திறந்த நிரல். அந்த மேலுறை அந்தந்தக் கணினியிலேயே, அங்கே ஓடும் கெர்னலுக்கு அளவெடுத்துக் கட்டப்படுகிறது. கெர்னல் மாறினால் அளவு மாறிவிடும். மேலுறையை மறுபடி கட்ட வேண்டும். கையால் நிறுவியவருக்கு அதை யாரும் செய்து தரமாட்டார்கள். நூவோவாவது கைகொடுக்குமா என்றால், அதைத்தான் நாமே கறுப்புப் பட்டியலில் போட்டாயிற்றே.

இந்த மறுகட்டுமானத்தைத் தானாகச் செய்ய டெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2003 வாக்கிலேயே ‘டிகேஎம்எஸ்’ என்று ஒரு கருவி செய்திருந்தார்கள். உபுண்டு தன் சொந்தக் களஞ்சியத்தின் வழியாக என்விடியா டிரைவரைக் கொடுக்கும்போது அதைத்தான் பயன்படுத்தியது. பாதி நாள் காப்பாற்றியது. புதிய கெர்னலின் ஹெடர் ஃபைல்கள் கணினியில் இல்லாவிட்டால் அது சத்தமில்லாமல் தோற்கும். கெர்னலுக்குள் ஒரு செயல்கூற்றின் பெயரோ வடிவமோ மாறியிருந்தால், என்விடியா மேலுறையைத் திருத்தி வெளியிடும் வரை எந்தக் கருவியாலும் ஒன்றும் செய்ய முடியாது. பழைய கார்டு வைத்திருப்பவர் பாடு இன்னும் மோசம். ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸுக்கு 173 வரிசை, அதற்கு முந்தைய ஜீஃபோர்ஸ் 4-க்கு 96 வரிசை, அதற்கும் முன்னால் 71 வரிசை என்று தனித்தனி டிரைவர்கள். புது எக்ஸ் சர்வர் வந்தால் இவற்றுக்கு எப்போது திருத்தம் வரும் என்று வழிமேல் விழி வைத்துக் காத்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் கெர்னல்காரர்கள் அந்த உள் வடிவங்களை ஏன் அடிக்கடி மாற்றுகிறார்கள்? மாற்றாமல் இருந்தால் என்ன?

அப்படி இருக்க மாட்டோம் என்பது அவர்கள் கொள்கை. கெர்னலோடு சேர்ந்தே ஓர் ஆவணம் வரும். எழுதியவர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன். கெர்னலுக்குள் நிலையான இடைமுகம் வேண்டும் என்று கேட்பது அபத்தம் என்று ஃபைல் பெயரிலேயே சொல்லியிருப்பார். உள்ளே வாதம் தெளிவானது. வெளியே ஓடும் மென்பொருளுக்கு நாங்கள் கொடுத்த வாக்கு மாறாது. ஆனால் கெர்னலின் உள்விவகாரத்தில் எங்கள் கையைக் கட்டாதீர்கள். உங்கள் டிரைவரின் மூல நிரலை எங்களிடம் கொடுத்துவிடுங்கள். நாங்கள் எதை மாற்றினாலும், அதோடு சேர்த்து உங்கள் டிரைவரையும் நாங்களே திருத்திக்கொடுப்போம், இலவசமாக.

இது வெற்றுப் பேச்சு அல்ல. கெர்னலுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான டிரைவர்கள் இப்படித்தான் பிழைக்கின்றன. ஆனால் அன்றைய என்விடியா நிரலைத் தராது. விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பெரும்பாலும் ஒரே நிரலை வைத்திருக்கும் நிறுவனம், அதையெல்லாம் போட்டியாளர் கண்ணுக்கு முன்னால் விரித்துவைக்க விரும்பவில்லை. கெர்னல் நிற்காது, கம்பெனி திறக்காது. இரண்டு தரப்பும் தங்கள் நியாயத்தில் உறுதியாக இருந்தார்கள். உறுதிக்கான விலையை இரண்டு தரப்பும் கொடுக்கவில்லை. கண்சிமிட்டும் கோட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆள் கொடுத்தார்.

(ஏஎம்டி 2007-இலேயே சில்லு ஆவணங்களை வெளியிட ஆரம்பித்துவிட்டதே என்று கேட்பவர்கள் பொறுத்தருள வேண்டும். அவர்களுடைய மூடிய டிரைவர் அடித்த கூத்து தனிக்கதை. அதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறேன்.)

இதுவரை சொன்னது மேசைக் கணினிக்காரர்கள் கதை. கறுப்புத் திரை வந்தாலும் போராடி மீட்டார்கள். ஆனால் 2010 பிப்ரவரியில் என்விடியா ஒரு புதிய தொழில்நுட்பத்தை அறிவித்திருந்தது. மடிக்கணினிக்காரர்களுக்கு. அதன் பெயர் ஆப்டிமஸ்.

யோசனை அபாரமானது, அதில் சந்தேகமில்லை. மடிக்கணினியில் இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகள். இன்டெல் செயலியோடு வரும் சிக்கனமான ஒன்று, என்விடியாவின் பலசாலி ஒன்று. கடிதம் எழுதும்போது இன்டெல் போதும், பேட்டரி நீடிக்கும். விளையாட்டைத் திறந்தால் என்விடியா விழித்துக்கொள்ளும். மாற்றம் தானாக நடக்கும், பயனருக்குத் தெரியவே தெரியாது. தந்திரம் வயரிங்கில் இருந்தது. பெரும்பாலான ஆப்டிமஸ் மடிக்கணினிகளில் திரை இணைக்கப்பட்டிருப்பது இன்டெல் சில்லோடு மட்டும். என்விடியா படத்தை வரைந்து, இன்டெல்லின் நினைவகத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். இன்டெல் அதைத் திரையில் காட்டும்.

விண்டோஸில் அருமையாக ஓடியது. லினக்ஸில் அது கிடையாது என்று சொல்லிவிட்டது என்விடியா.

‘கிடையாது’ என்பதன் முழு அர்த்தம் கடையில் காசு கொடுத்துவிட்டு வந்தவருக்குத்தான் புரிந்தது. வழக்கம்போல என்விடியா டிரைவரை நிறுவினார். அது தன் வழக்கப்படி முப்பரிமாண நூலகத்தை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்தது. ஆக, இன்டெல்லின் முப்பரிமாணமும் போயிற்று. பிறகு என்விடியா சில்லில் டெஸ்க்டாப்பை எழுப்பப் பார்த்தது. அந்தச் சில்லோடு எந்தத் திரையும் இணைக்கப்படவில்லையே! லாக் ஃபைலில் பதில்: திரை எதுவும் கிடைக்கவில்லை. பார்க்கிறவர் கண்ணெதிரே பதினைந்து அங்குலத் திரை இருக்கிறது. டிரைவரை எடுத்துவிட்டு இன்டெல்லோடு மட்டும் ஓட்டலாம் என்றால், வேலையே இல்லாத என்விடியா சில்லு அணையாமல் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். மின்விசிறி இரையும், மடி சுடும். பேட்டரியை மிச்சம் பிடிக்க வந்த தொழில்நுட்பம் லினக்ஸில் பேட்டரியைத் தின்றது.

கம்பெனி கைவிட்டால் ஊர் கூடித் தேர் இழுக்கும் என்பது லினக்ஸ் உலகத்தில் வாடிக்கை. 2011-இல் ஒருவர் இழுத்தார். ‘பம்பிள்பீ’ என்று பெயர் வைத்தார். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படம் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதில் ஆப்டிமஸின் தோழன் பம்பிள்பீ.

வேலை செய்த விதம் சாமர்த்தியமானது. கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது எக்ஸ் சர்வர் ஒன்றை என்விடியா சில்லில் ஓடவிடும். திரை இல்லாவிட்டால் என்ன, இருப்பதாக நினைத்துக்கொள் என்று அதை ஏமாற்றும். விளையாட்டு அங்கே படம் வரையும். வரைந்த ஒவ்வொரு படத்தையும் விர்ச்சுவல்ஜிஎல் என்கிற மென்பொருள் பிடித்து இன்டெல் திரைக்குக் கொண்டுவரும். விளையாட்டின் பெயருக்கு முன்னால் ‘ஆப்டிரன்’ என்று தட்டினால் போதும். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் ஓடும்! பல மாதமாக மடி சுட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடோடி வந்து நிறுவினார்கள்.

அதை நிறுவ ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. கணினியின் உள்பகுதிகளைத் தொட வேண்டியிருப்பதால் ரூட் அதிகாரத்தோடு ஓட்ட வேண்டும். அதாவது அது எது செய்தாலும் கணினி ஏன் என்று கேட்காது. பழைய டிரைவர் விட்டுப்போன ஒரு ஃபோல்டரை அழிக்கும் வரி அதில் இருந்தது. எழுத நினைத்தது இது:

ஆர்எம் -ஆர்எஃப் /யுஎஸ்ஆர்/லிப்/என்விடியா-கரன்ட்/எக்ஸ்ஆர்க்/எக்ஸ்ஆர்க்

எழுதியது இது:

ஆர்எம் -ஆர்எஃப் /யுஎஸ்ஆர் /லிப்/என்விடியா-கரன்ட்/எக்ஸ்ஆர்க்/எக்ஸ்ஆர்க்

இன்னொரு முறை பாருங்கள். யுஎஸ்ஆருக்குப் பின்னால் ஓர் இடைவெளி. ஸ்பேஸ் பார் ஒரு தடவை கூடுதலாகப் பட்டுவிட்டது.

கணினிக்கு அந்த இடைவெளியின் அர்த்தம் தெளிவானது. ஒரு ஃபோல்டர் இல்லை, இரண்டை அழிக்கச் சொல்கிறார்கள். ‘ஆர்எஃப்’ என்றால் உள்ளே இருக்கும் அத்தனையையும், கேள்வி கேட்காமல். இரண்டாவதாகச் சொன்ன பாதையில் அனேகமாக எதுவும் இருக்காது. முதலாவது? யுஎஸ்ஆர் என்பதில்தான் கணினியின் ஏறக்குறைய எல்லா மென்பொருளும் இருக்கிறது. உலாவி, அலுவலகச் செயலிகள், எழுத்துருக்கள், டெஸ்க்டாப், நூலகங்கள், எல்லாம்.

ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் உடனே ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே திறந்திருக்கும் செயலிகள் நினைவகத்தில் இருப்பதால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். வட்டு விளக்கு மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக மின்னும். பயனர் எதையோ திறக்கப் பார்ப்பார், திறக்காது. டெர்மினலில் ‘எல்எஸ்’ என்று தட்டுவார். அது வேறு ஃபோல்டரில் இருந்ததால் வேலை செய்யும், நிம்மதிப் பெருமூச்சு வரும். அடுத்து ஏதாவது சரிசெய்யலாம் என்று ‘சூடோ’ தட்டுவார். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வரும். நிர்வாகியாக மாற உதவும் சூடோவும் யுஎஸ்ஆருக்குள்தான் இருந்தது. போட்டோக்களும் கடிதங்களும் ஹோம் ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன என்பது ஒன்றுதான் ஆறுதல். மற்றபடி முதலிலிருந்து நிறுவ வேண்டியதுதான்.

உபுண்டுவில் உங்கள் ஸ்கிரிப்ட் யுஎஸ்ஆரையே அழிக்கிறது என்று ஒரு பயனர் புகார் எழுதினார். தலைப்பைப் படிக்கும்போதே அவருடைய முகம் தெரிகிறது. திட்டத்தை நடத்தியவர் பதறிப்போய்த் திருத்தினார். பெரிய எழுத்தில் ‘மாபெரும் பிழை’ என்று எழுதி, மன்னிப்பும் கேட்டார். மாற்றம் என்னவோ ஓர் இடைவெளியை எடுத்ததுதான். செய்தி பரவியது. உலகெங்கும் இருந்து நிரலாளர்கள் வந்து அந்த ஒற்றை வரியின் கீழே கேலிப் படங்களை ஒட்டிவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு எச்சரிக்கையாக இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் உண்டு.

எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. அந்த ஸ்கிரிப்டை எழுதியவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. சில்லை விற்றுக் காசு பார்த்த நிறுவனம் செய்யாத வேலையை அவர் செய்துகொண்டிருந்தார். மக்கள் முன்பின் தெரியாத ஒருவரின் ஸ்கிரிப்டை நம்பி, வீட்டுச் சாவியைத் தூக்கிக் கொடுப்பதுபோல ரூட் அதிகாரத்தைக் கொடுத்தார்களே, அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளியது எது என்று கேலி செய்தவர்களில் எத்தனை பேர் யோசித்தார்கள்?

பம்பிள்பீ அதோடு சாகவில்லை. வேறு ஆட்கள் சேர்ந்தார்கள். சும்மா இருக்கும் என்விடியா சில்லை முழுதாக அணைத்துவைக்கும் ஒரு கெர்னல் தொகுதியும் வந்தது. பேட்டரி மீண்டது. ஆனால் நிறுவனத்திடமிருந்து 2011 முழுக்க ஒன்றும் வரவில்லை. 2012 பிறந்தது. ஆப்டிமஸ் மடிக்கணினிகள் கடைகளில் நிறைந்துகிடந்தன. லினக்ஸ் பயனர் வாங்கிக்கொண்டே இருந்தார், வீட்டுக்கு வந்து திகைத்துக்கொண்டே இருந்தார்.

அப்படித் திகைத்தவர்களில் ஒரு பெண், பின்லாந்தில் இருந்தார்.

2012 ஜூன். லினஸ் டோர்வால்ட்ஸ் பிறந்த மண்ணுக்கு வந்திருக்கிறார். மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு என்கிற பெரிய விருது. ஜப்பானின் ஸ்டெம் செல் ஆய்வாளர் ஷின்யா யமனாகாவும் அவரும் பகிர்ந்துகொண்டார்கள். ஆளுக்கு 6 லட்சம் யூரோ. ஹெல்சின்கியில் கோலாகலமாக விழா முடிந்தது. தலைநகரை ஒட்டிய ஒடானியெமியில், ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு கலந்துரையாடலுக்கு ஒப்புக்கொண்டிருந்தார். ஜூன் 14. மேடையில் அவரும் நெறியாளரும். எதிரே மாணவர்களும் ஆர்வலர்களும். மொத்தத்தையும் வீடியோவாகப் பதிவுசெய்யக் கேமரா.

கேள்வி நேரம். மைக் கை மாறி அந்தப் பெண்ணிடம் வந்தது. அவர் கோபப்படவில்லை, நிதானமாகவே சொன்னார். ஒரு மடிக்கணினி வாங்கினேன். அதில் என்விடியா ஆப்டிமஸ் இருக்கிறது. லினக்ஸில் வேலை செய்யவில்லை. நிறுவனமும் ஆதரவு தர முடியாது என்கிறது. இதைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

லினஸ் பதிலைச் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார். இப்போதெல்லாம் இப்படி நடப்பது குறைவு, பெரும்பாலான நிறுவனங்கள் ஒத்துழைக்கின்றன என்றார். பிறகு என்விடியா பக்கம் வந்தார். வன்பொருள் நிறுவனங்களிலேயே எங்களுக்குப் பெருந்தலைவலி இவர்கள்தான் என்றார். குரல் மாறிக்கொண்டிருந்தது. ஆண்ட்ராய்டு கருவிகளுக்குச் சில்லு விற்கப் பார்க்கிறார்கள், ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவதோ லினக்ஸ் கெர்னல், அப்படியிருந்தும் இவர்கள் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஓரிகனில் அவர் திரை இருண்டபோது உடன் வேலை செய்கிறவர்களிடம் சண்டை போட்டார். அவர்கள் பதில் பேசினார்கள். இங்கே பதில் பேச எதிரே யாரும் இல்லை.

சொல்ல வேண்டியவர்களுக்கு நேராகவே சொல்லிவிடலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். கேள்வி கேட்ட பெண்ணிடமிருந்து பார்வையை எடுத்தார். கேமராவைப் பார்த்துத் திரும்பினார். கையை உயர்த்தினார்.

(தொடரும்)